பூனை வீட்டை விடாது

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொன்ன காரணம் உங்களுக்குத் தெரியும். நம் குடியிருப்பின் பின்பக்கக் காலி இடத்தில் பிள்ளைகள் சாயங்காலம் கால்பந்து ஆடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு முன் ஏழெட்டுப் பேர். இப்போது பெண் பிள்ளைகளையும் சேர்த்து இருபத்துமூன்று பேர். இதையொட்டி அடுத்த பொதுக்குழுவுக்கு இரண்டு விஷயங்கள் வருகின்றன. ஒன்று, அந்த இடத்தில் கார் நிறுத்தக் கொட்டகை போடலாம் என்கிற யோசனை. இன்னொன்று, நம்மில் ஒருவர் பெரிய மனதோடு சொல்லியிருப்பது: பந்து, ஜெர்ஸி, கோல் போஸ்ட், பயிற்சியாளர் சம்பளம் எல்லாவற்றையும் தாமே ஏற்றுக்கொள்கிறாராம். டீமுக்குத் தம் கடையின் பெயரை வைத்தால் போதுமாம்.

முதல் விஷயத்தைப் பற்றி லிஃப்ட்டிலும் மொட்டை மாடியிலும் எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேச்சே இல்லை. இலவசமாக வருவதை யார் கேள்வி கேட்பார்கள்? எனக்கு அந்த இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

நான் கால்பந்து ஆடியவன் இல்லை. "தாத்தா, ஆஃப்சைடுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று நேற்று ஒரு பிள்ளை கேட்டது. தெரியும் என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக முப்பது வருடத்துக்கு மேல் லெட்ஜர் எழுதியவன் நான். எனக்குத் தெரிந்தது கணக்கு. எதைப் பார்த்தாலும், இது யார் பெயரில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். கால்பந்துக் கிளப்புகளையும் அப்படித்தான் பார்த்து வருகிறேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். ஐ-லீக் என்கிற தேசிய லீக்கின் கடைசி நாள் ஆட்டம். சென்னை சிட்டி எஃப்சி என்ற அணி ஜெயித்தால் இந்தியாவின் சாம்பியன். தவறினால் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் முந்திவிடும். அதே நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருக்கிறது. கோவையில் ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்திலேயே எதிரணியான மினர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை அதே நிலைமை. இரண்டாம் பாதியில் ஸ்பெயினிலிருந்து வந்து ஆடிய பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர், கோல் போடுவது அவர் வேலையே இல்லை, இரண்டு கோல் போட்டார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்தது, பயனில்லை. 20 ஆட்டத்தில் சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரு புள்ளி வித்தியாசத்தில் தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக்கை வென்றது.

இந்த இடத்தில் ஒரு விளக்கம். தொலைக்காட்சியில் நீங்கள் பார்க்கிற சென்னையின் எஃப்சி வேறு. அது ஐ.எஸ்.எல். போட்டியில் ஆடுகிற அணி, 2015-லும் 2018-லும் கோப்பை வாங்கியது. நான் சொல்வது சென்னை சிட்டி. பெயர்க் குழப்பத்தாலேயே பாதிப் பேருக்கு அந்த வெற்றி தெரியாமல் போய்விட்டது.

சென்னை சிட்டி நேற்று முளைத்த கிளப் அல்ல. 1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் சென்னையில் தொடங்கப்பட்டது. சுதந்திரத்துக்கு முந்தைய வருடம், நேதாஜி பெயரில் ஒரு கால்பந்துக் கிளப். அந்தக் காலத்து இளைஞர்களின் மனநிலை பெயரிலேயே தெரிகிறது. பல பத்தாண்டுகள் சென்னை லீக்கில், உள்ளூர் மைதானங்களில் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு தனி உரிமையாளர் கைக்கு வந்து பெயர் மாறியது. 2016-17 பருவத்தில் நேரடியாக ஐ-லீக்குக்குள் நுழைந்தது. முதல் வருடம் சென்னையில் ஆடியது, பத்து அணிகளில் எட்டாவது இடம். அடுத்த பருவத்தில் ஆடுகளம் கோயம்புத்தூருக்கு மாறியது, மறுபடியும் எட்டு. மூன்றாவது வருடம் சாம்பியன். பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். மான்சி அந்த ஒரு பருவத்தில் மட்டும் 21 கோல்.

அதன்பின் என்ன ஆயிற்று? 2019-லேயே ஸ்விட்சர்லாந்தின் புகழ்பெற்ற பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்காக பஹ்ரைன் போய் அல் ரிஃபா அணியோடு மோதி ஒரு கோலில் தோற்றது. அதே மாதம் மான்சி ஜப்பான் கிளப்புக்குப் போய்விட்டார். கொரோனா வந்தது. 2020-21 பருவம் முழுக்க வங்காளத்தில் பார்வையாளர் இல்லாமல் நடந்தது. 2021 டிசம்பரில் அடுத்த ஐ-லீக் தொடங்கியபோது பதின்மூன்று அணிகள் இருந்தன. சென்னை சிட்டி அந்தப் பட்டியலில் இல்லை. சாம்பியன் ஆகி மூன்று வருடம்கூட நிறையவில்லை.

இன்னொரு அநியாயமும் உண்டு. அது கிளப்பின் தவறு அல்ல. 2019-ல் ஐ-லீக்கை ஜெயித்தவர்களுக்கு அதற்கு மேல் ஏற வழி கிடையாது. ஐ.எஸ்.எல். பணம் கட்டிச் சேரும் தனி வீடு. அந்தக் கதவு ஐ-லீக் சாம்பியனுக்குத் திறந்தது 2023-ல்தான், பஞ்சாப் அணிக்கு. மாடிப்படியே இல்லாத கட்டடத்தில் கீழ்த்தளத்தில் முதல் பரிசு வாங்கி என்ன செய்வது?

கிளப் ஏன் நின்றது என்ற காரணங்களுக்குள் நான் போகப் போவதில்லை. தனியார் நிறுவனம், லாபநட்டம் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது. சட்டப்படி சரி. என் கேள்வி வேறு. 1946-லிருந்து வந்த ஒரு கிளப் நிற்கப் போகிறது என்கிறபோது, "நில்லுங்கள், நாங்களும் உறுப்பினர்கள், பொதுக்குழுவைக் கூட்டுங்கள்" என்று எழுந்து சொல்லும் உரிமை யாருக்கு இருந்தது? கோவையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து தொண்டை கட்டக் கத்தியவர்களுக்கு இருந்ததா? டிக்கெட் வாங்கியவர் வாடிக்கையாளர்தான். கடை ஷட்டரை இறக்கினால் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வங்கி அணிகளின் கதையும் எனக்கு நெருக்கமானது. 1996-ல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியபோது அதில் ஆடிய பன்னிரண்டு அணிகளில் சென்னை இந்தியன் வங்கியும் ஒன்று. இந்திய அணியின் கேப்டனாக இருந்த வி. பி. சத்யன் அந்த வங்கிக்கு ஆடியவர், பிறகு பயிற்சியாளராகவும் இருந்தார். 2006-ல் காலமானார். அவர் வாழ்க்கையை வைத்து 2018-ல் 'கேப்டன்' என்று மலையாளத்தில் படம் வந்தது. திருவனந்தபுரத்தில் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூருக்கும் நல்ல அணி இருந்தது. அந்தக் காலத்தில் வங்கி, ரயில்வே, துறைமுகம், சுங்கத்துறை என்று வேலை கொடுத்து ஆட வைத்தார்கள். காலையில் மைதானம், பிறகு கவுண்டர். செக்கை பாஸ் செய்கிற கை மூன்று மணிக்கு மேல் பூட்ஸ் லேஸ் கட்டும். ஏழைக் குடும்பத்துப் பையனுக்கு நிரந்தர வேலையும் பென்ஷனும் கிடைத்தது என்பதை நான் குறைத்துப் பேச மாட்டேன். பொன்மலை பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியிருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ரயில்வே விளையாட்டு அணிகளால் வாழ்க்கை அமைந்த குடும்பங்கள் அங்கே எத்தனையோ.

ஆனால் 2003-04 பருவத்தோடு இந்தியன் வங்கி அணி மேல் லீக்கிலிருந்து இறங்கியது. திருவாங்கூர் வங்கியே 2017 ஏப்ரல் 1 அன்று ஸ்டேட் வங்கியோடு இணைந்துவிட்டது. முதலாளியின் நிழலில் வளரும் அணிக்கு முதலாளியின் ஆயுசுதான் ஆயுசு.

இப்போது கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பி.காம். படித்தவர்களுக்கு 'குட்வில்' என்ற அத்தியாயம் நினைவிருக்கும். ஒரு கடைக்கு மேஜை, நாற்காலி, சரக்கு தவிர, நற்பெயர் என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கடையை விற்கும்போது அதற்கும் விலை போடுவார்கள். எங்கள் பாடத்தில் அதை மிருகங்களை வைத்துப் பிரித்துச் சொல்லியிருந்தார்கள். எஜமான் எங்கே போனாலும் பின்னாலேயே போவது நாய். கைராசி டாக்டர் தெரு மாறினால் நோயாளிகளும் தெரு மாறுகிறார்கள் அல்லவா, அது நாய் குட்வில். எஜமான் மாறினாலும் வீட்டை விட்டுப் போகாதது பூனை. கடைக்கு யார் உரிமையாளரானாலும் அந்த முக்கிலேயே காபி குடிப்பவர்கள் பூனை குட்வில். இரண்டுக்கும் கட்டுப்படாமல் ஓடுவது எலி. முயல் என்றும் ஒன்று சொல்வார்கள், அது இப்போது வேண்டாம்.

ஒரு கால்பந்துக் கிளப்பின் ரசிகர்கள் நாயா, பூனையா? இங்கிலாந்தில் ஒரு கிளப்பின் உரிமையாளர்கள் நாய் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கதைதான் நான் சொல்ல வந்தது.

லண்டனின் தென்மேற்கில் விம்பிள்டன். நமக்கு டென்னிஸால் தெரிந்த ஊர். அங்கே 1889-ல், ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு கால்பந்துக் கிளப் தொடங்கினார்கள். நம் மோகன் பாகன் பிறந்ததும் அதே 1889-ல்தான். 1912 முதல் பிளவ் லேன் என்ற சின்ன மைதானத்தில் ஆடினார்கள். இங்கிலாந்தில் மேலே நான்கு பிரிவுகளில் 92 கிளப்புகள்தான் லீக் கிளப்புகள். அதற்குக் கீழே ஆயிரக்கணக்கில் இருப்பவற்றை நான்-லீக் என்பார்கள். வாரத்தில் தபால்காரர், மேஸ்திரி, பள்ளி ஆசிரியர், சனிக்கிழமை ஆட்டக்காரர். உலகத்தின் மிகப் பழைய கிளப்பான ஷெஃபீல்ட் எஃப்சி, 1857-ல் தொடங்கியது, இன்றைக்கும் அந்தக் கூட்டத்தில்தான் ஆடிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு அதில் வெட்கம் எதுவும் இல்லை.

விம்பிள்டனும் எண்பத்தெட்டு வருடம் அப்படி நான்-லீக்கில் ஆடியது. 1963-ல் அமெச்சூர் கோப்பை இறுதி ஆட்டத்தில் எட்டி ரெனால்ட்ஸ் என்பவர் நான்கு கோல் அடித்தார், நான்கும் தலையால். 1975-ல் எஃப்.ஏ. கோப்பையில் முதல் பிரிவைச் சேர்ந்த பர்ன்லியை அவர்கள் ஊரிலேயே வீழ்த்தியது. அடுத்த சுற்றில் அன்றைய சாம்பியன் லீட்ஸ் அணி. டிக்கி கை என்ற கோல்கீப்பர் பெனால்டியைத் தடுத்து ஆட்டத்தை டிரா செய்ய வைத்தார். அப்போதெல்லாம் நான்-லீக்கிலிருந்து தானாக மேலே ஏற முடியாது, மற்ற லீக் கிளப்புகள் ஓட்டுப் போட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1977-ல் அப்படிச் சேர்ந்தார்கள். ஒன்பதே வருடத்தில் முதல் பிரிவு. 1988-ல் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் லிவர்பூலை 1-0 என்று தோற்கடித்தார்கள்.

சரிவு மைதானத்தில் தொடங்கியது. பிளவ் லேன் பழசு, புதிய பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தாது என்று 1991-ல் அங்கிருந்து கிளம்பி இன்னொரு கிளப்பின் மைதானத்தில் வாடகைக்குப் போனார்கள். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். தற்காலிகம் என்று எழுதிய கணக்கு எத்தனை வருடம் இழுக்கும் என்பது வங்கியில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் பார்த்தவர்களுக்குத் தெரியும். பழைய மைதானம் விற்கப்பட்டது. இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது, நம்மைப் போலவே, அடுக்குமாடிக் குடியிருப்பு. அதற்கு நான்கு தலை கோல் அடித்த அந்த ரெனால்ட்ஸின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

மைதானம் இல்லாத கிளப்பை எங்கு வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று உரிமையாளர்களுக்குத் தோன்றியது. மில்டன் கீன்ஸ் என்ற புது நகரம், சுமார் 90 கிலோமீட்டர் வடக்கே. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அங்கே கொண்டுபோகிறோம் என்றார்கள். ரசிகர்கள் கறுப்பு பலூன் பறக்கவிட்டார்கள், மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள். 2002 மே 28 அன்று மூன்று பேர் கொண்ட குழு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அனுமதி கொடுத்தது. அந்த ஊரிலேயே புதிதாக ஒரு கிளப் தொடங்குவது கால்பந்தின் பொது நலனுக்கு உகந்ததல்ல என்றும் தீர்ப்பில் எழுதி வைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து ரசிகர்கள் ஒரு சமூகக் கூடத்தில் கூடினார்கள். நம் கூட்டத்தைப் போன்ற கூட்டம்தான். அங்கே கிறிஸ் ஸ்டூவர்ட் என்பவர் எழுந்து, சண்டை போட்டது போதும், எனக்கு உட்கார்ந்து கால்பந்து பார்க்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். சும்மா ஒரு வரிதான். கோர்ட்டுக்குப் போவோம், மேல்முறையீடு செய்வோம் என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களை அந்த வரி திருப்பிவிட்டது. கிளப்பைத் திருப்பிக் கேட்க வேண்டாம், நாமே தொடங்குவோம். ஏஎஃப்சி விம்பிள்டன்.

என்ன இருந்தது அவர்களிடம்? மைதானம் இல்லை. வீரர் ஒருவர்கூட இல்லை. ஜூன் 29 அன்று ஊர்ப் பொதுத் திடலில் தேர்வு என்று அறிவித்தார்கள். 230 பேர் வந்தார்கள். ஜூலை 10-ல் சட்டன் யுனைட்டெட் என்ற நான்-லீக் கிளப்போடு முதல் ஆட்டம், நட்பு ஆட்டம். 4-0 என்று தோல்வி. பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். அந்தக் கூட்டத்தை உள்ளே விட்டு முடிக்க ஆட்டத்தைத் தாமதமாகத் தொடங்க வேண்டியதாயிற்று. கம்பைண்ட் கவுண்டீஸ் லீக் என்ற, நம் ஊர்க் கணக்கில் நாலைந்து மாவட்டங்கள் சேர்ந்து நடத்தும் போட்டி போன்ற ஒன்றில் சேர்ந்தார்கள். பக்கத்து ஊரான கிங்ஸ்டனில் மைதானம் ஏற்பாடு செய்துகொண்டார்கள். வழக்கமாக ஐம்பது, நூறு பேர் பார்க்கிற லீக் அது. இவர்கள் ஆட்டத்துக்குச் சராசரியாக 3,000 பேருக்கு மேல் வந்தார்கள். அதே பருவத்தில், இடமாற்றத்துக்குக் காத்திருந்த பழைய தொழில்முறை கிளப்புக்கு வந்த கூட்டம் இதைவிடக் குறைவு.

குட்வில் பூனையாக இருந்துவிட்டது. உரிமையாளர்கள் கிளப்பின் பெயரை, வீரர்களை, லீக்கில் இருந்த இடத்தை எல்லாம் எடுத்துப் போனார்கள். ரசிகர்கள் திண்ணையை விட்டு நகரவில்லை. இடம்பெயர்ந்த அணி அடுத்த வருடமே திவால் நிர்வாகத்துக்குப் போய், பிறகு பெயரையும் மாற்றிக்கொண்டது. விம்பிள்டன் வாங்கிய கோப்பைகளின் உரிமையை 2007-ல் விம்பிள்டன் இருக்கும் மெர்ட்டன் நகராட்சியிடமே ஒப்படைத்தது.

என்னைப் போன்றவனுக்கு இதில் ருசியான பகுதி, புதிய கிளப்பை யார் பெயரில் எழுதினார்கள் என்பதுதான். டான்ஸ் டிரஸ்ட் என்ற ரசிகர் சங்கத்தின் பெயரில். அதன் சட்ட வடிவம் நம் கூட்டுறவுச் சங்கம் மாதிரி. சந்தா கட்டினால் உறுப்பினர். ஓர் உறுப்பினருக்கு ஒரு ஓட்டு. பத்து பவுண்டு கொடுத்தவருக்கும் பத்தாயிரம் பவுண்டு கொடுத்தவருக்கும் ஓட்டு ஒன்றுதான். பெரிய கடன்கள், மைதானம், கிளப்பை விற்பது போன்ற விஷயங்களில் உறுப்பினர்களைக் கேட்காமல் நிர்வாகம் நகர முடியாது. கிளப்பின் பெரும்பான்மைப் பங்கு இன்றுவரை அந்த டிரஸ்டிடம்தான் இருக்கிறது.

2003 பிப்ரவரியிலிருந்து 2004 டிசம்பர் வரை லீக்கில் 78 ஆட்டங்கள் தோற்காமல் ஆடினார்கள். படிப்படியாக ஐந்து முறை மேலே ஏறினார்கள். 2011 மே 21 அன்று மான்செஸ்டரில் லூட்டன் அணியோடு கடைசிப் படி. கோலில்லாமல் முடிந்து பெனால்டிக்குப் போனது. கோல்கீப்பர் செப் பிரவுன், சின்ன வயதில் இதே கிளப்பின் ரசிகர், இரண்டைத் தடுத்தார். ஒன்பது வருடத்தில் மறுபடி லீக் கிளப். தாத்தா கிளப்புக்கு 1977-லிருந்து உச்சிக்குப் போக ஒன்பது வருடம், பேரன் கிளப்புக்கு அடிமட்டத்திலிருந்து லீக்குக்கு வர ஒன்பது வருடம். அந்த 1975 கோல்கீப்பர் டிக்கி கை புதிய கிளப்பின் தலைவராகப் பதவி ஏற்றிருந்தார்.

பூனை வீடு திரும்பியது 2020 நவம்பர் 3-ல். பழைய மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில் புது பிளவ் லேன். அந்த இடம் முன்பு நாய்ப் பந்தய மைதானம் என்பதை நான் சேர்த்துச் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான்! கட்டி முடிக்கப் பணம் போதவில்லை. வெளி முதலீட்டாளரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று சங்கத்துக்குள் பெரிய வாக்குவாதம். கடைசியில் ரசிகர்களே கடன் பத்திரம் வாங்கி 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். முதல் ஆட்டத்தைப் பார்க்கக் கொரோனாவால் ஒருவரையும் உள்ளே விடவில்லை என்பது வேறு வருத்தம். 2022-ல் ஒரு பிரிவு கீழே இறங்கினார்கள், 2025-ல் மறுபடி ஏறினார்கள். உறுப்பினர் கையில் இருந்தால் கோப்பை வரிசையாக வரும் என்று நான் சொல்லவில்லை. வராது. வாக்குவாதம் நிறைய வரும்.

கல்கத்தாவிலும் ஒன்று நடந்தது. மோகன் பாகன் கால்பந்து அணியின் 80 சதவீதம் 2020-ல் ஒரு நிறுவனத்துக்குப் போனபோது, பெயருக்கு முன்னால் 'ஏடிகே' என்று சேர்த்தார்கள். உறுப்பினர்களும் ரசிகர்களும் மூன்று வருடம் விடாமல் கத்தினார்கள். 2023-ல் சாம்பியன் ஆன அன்றைக்கே அந்த முன்னொட்டை எடுத்துவிடுவதாக உரிமையாளர் அறிவித்தார். சொந்தம் என்று நினைக்க ஆள் இருந்ததால் பெயர் பிழைத்தது.

இதெல்லாம் நமக்கு அந்நிய விஷயம் இல்லை. பூதலூரில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் குடிமராமத்து என்ற சொல்லை மறந்திருக்க மாட்டார்கள். ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்னால் நிலத்தின் அளவுக்கு ஏற்ப வீட்டுக்கு இத்தனை ஆள் என்று மண்வெட்டியோடு போய் வாய்க்காலை வெட்டிச் சுத்தம் செய்வார்கள். வராதவர் வீட்டுக்குப் பஞ்சாயத்து ஆள் வரும். சுகமான ஏற்பாடு என்று சொல்ல முடியாது. சண்டை, மண்டை உடைவது எல்லாம் உண்டு. ஆனால் வாய்க்கால் யாருடையது என்ற சந்தேகம் யாருக்கும் வந்ததில்லை. பிறகு எல்லாவற்றையும் சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்று ஆனதும், ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தாலும் கரையில் நின்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம்.

இனி நம் விஷயம். பணம் தர முன்வந்தவர் இந்த அவையில்தான் இருக்கிறார். அவருடைய நல்ல மனதை நான் நேரில் பாராட்டியிருக்கிறேன், இங்கும் பாராட்டுகிறேன். அவரிடம் சொன்னதையே எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். பணத்தை வாங்கிக்கொள்வோம். சங்கத்தின் பெயரில் ரசீது போட்டு, நன்கொடை என்று எழுதி வாங்குவோம். ஜெர்ஸியின் முதுகில் அவர் கடைப் பெயரைத் தாராளமாகப் போடலாம். டீமின் பெயர் மட்டும் ஊர்ப் பெயராக இருக்கட்டும். நாளைக்கு அவர் கடையைத் தஞ்சாவூருக்கு மாற்றலாம், மகனோடு சென்னைக்குப் போகலாம். நீண்ட ஆயுளோடு இங்கேயே இருந்தாலும், அவர் மகனுக்குக் கால்பந்து பிடிக்காமல் போகலாம். அன்றைக்குக் கோல் போஸ்ட் யாருடையது என்று பத்து வயதுப் பிள்ளை கேட்கக் கூடாது.

டீமைச் சங்கத்தின் துணைக்குழுவாகப் பதிவேட்டில் எழுதுவோம். ஆடுகிற பிள்ளை இருக்கும் வீட்டுக்கு மாதம் முப்பது ரூபாய் சந்தா. நன்கொடை எவ்வளவு வந்தாலும் சந்தா நிற்கக் கூடாது, இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். முப்பது ரூபாயில் ஒரு நல்ல பந்துகூட வராது என்று ஒருவர் என்னிடம் சொன்னார். வராதுதான். அந்த முப்பது ரூபாய் பந்துக்கு அல்ல, கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பதற்கு. ஆடாத வீட்டாரும் சேரலாம், நான் முதல் ஆளாகச் சேருகிறேன். கணக்கை ஒரு வருடம் நான் எழுதுகிறேன், அதற்குமேல் வேறொருவர் எழுத வேண்டும். ஒரே கையெழுத்து ஒரு லெட்ஜரில் அதிக நாள் இருக்கக் கூடாது என்பது நான் வேலை பார்த்த இடத்தின் பழக்கம்.

பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும் என்று இரண்டு தாய்மார்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நியாயம். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்ற சேது எஃப்சி நம் மதுரைக் கிளப். நம் ஆண் பிள்ளைகள் இடத்தை விட்டுக்கொடுக்கத் தயங்கினால் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

கொட்டகை விஷயம். கார் வைத்திருப்பவர்களின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. சித்திரை வெயிலில் ஸ்டியரிங்கைத் தொட முடிவதில்லை, பந்து பட்டுக் கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் சரியானது. மேற்கு மதில் ஓரமாக ஒரு வரிசைக் கொட்டகை போட்டு, நடுவிடத்தை விட்டுவிடலாம் என்பது என் யோசனை. மதிலுக்கும் மைதானத்துக்கும் நடுவே வலை கட்டுவதற்கு என்ன ஆகும் என்று விசாரித்து, எஸ்டிமேட்டைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். ஆனால் 'இப்போதைக்கு மட்டும்' நடுவில் நாலு கார் என்று யாராவது சொன்னால், தீர்மானப் புத்தகத்தில் தேதி போட்டு, எந்த நாள் வரைக்கும் என்று எழுதி வாங்குங்கள்.

உறுப்பினர் பெயர்ப் புத்தகம் கேட்டில் செக்யூரிட்டி அண்ணனிடம் இருக்கிறது. இதுவரை பதினொரு வீடுகள் எழுதியிருக்கின்றன. சந்தா வசூல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, என் வீட்டில். சில்லறையாகக் கொண்டு வாருங்கள். பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப் போன வாரம் சங்க அறையிலிருந்து காணாமல் போயிருக்கிறது. சைக்கிளுக்கு எடுத்துப் போனவர் யாராக இருந்தாலும் அதே இடத்தில் திருப்பி வைத்துவிடுங்கள், பெயர் கேட்க மாட்டோம்.